முதுமையில் ஒரு சின்ன நாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நங்கநல்லூரில் காலை நடைக்குப் போகும்போது, என் நாய் மணியைப் பார்த்து நின்று பேசுகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். "எங்களுக்கும் ஆசைதான், ஆனால்..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த "ஆனால்" க்குப் பின்னால் வருகிற கேள்விகள் ஏழு ஆண்டுகளாக ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தெருவில் நின்று பதில் சொல்வதைவிட எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது.

நான் மருத்துவர் இல்லை. தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அறுபத்து நான்காவது வயதில், ஏறக்குறைய ஆறு வயதான மணியைக் காப்பகத்திலிருந்து கொண்டுவந்தேன். அதன் பிறகு, என் வயதை ஒத்தவர்கள் சிலருக்கு நாய் தேடிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேரிடம் "இப்போது வேண்டாம்" என்று சொல்லித் தடுத்தும் இருக்கிறேன்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. இந்த வயதில் நாய் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். வயதைக் கணக்குப் பார்க்காதீர்கள், இரண்டு காரியங்களைப் பாருங்கள். முதலாவது, தரையில் இருப்பதைக் குனிந்து எடுத்துவிட்டு, எதையும் பிடிக்காமல் உங்களால் நிமிர முடிகிறதா? தண்ணீர்க் கிண்ணம், சாப்பாட்டுத் தட்டு, வீட்டுக்குள் பெய்துவிட்ட மூத்திரம் என்று நாய் வளர்ப்பில் பாதி வேலை தரையில்தான்.

இரண்டாவதுதான் முக்கியம். இன்று இரவு உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால், நாளைக் காலையில் கதவைத் திறந்து அந்த நாயை வெளியே அழைத்துப் போகப் போவது யார்? "யாராவது பார்ப்பார்கள்" என்பது பதில் ஆகாது. ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர் "சரி" என்று வாயால் சொல்லியிருக்க வேண்டும். அவரை நான் இரண்டாவது ஆள் என்று சொல்வேன். இனி வரும் பதில்களில் இந்த இரண்டாவது ஆள் அடிக்கடி வருவார். அவர் இல்லை என்றால், நாயைத் தேடுவதற்கு முன் அவரைத் தேடுங்கள்.

குட்டியாக எடுத்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்கிறார்களே? வளர்ந்த நாய் பழைய வீட்டையே நினைத்துக்கொண்டிருக்காதா?

இந்த நம்பிக்கையை உடைக்க நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். குட்டிக்கு இரவில்கூட இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும். அதன் பால்பற்கள் ஊசி போன்றவை. விளையாட்டாகக் கவ்வினாலே நம் கைத்தோல் கிழியும். வயதானால் தோல் எவ்வளவு மெலிந்துபோகிறது என்று உங்களுக்கே தெரியும். அது காலைச் சுற்றிச் சுற்றி ஓடும். எல்லாவற்றுக்கும் மேல், சின்ன இன நாய்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் சாதாரணமாக வாழும். அறுபத்தெட்டில் குட்டியை எடுத்தால், அது கிழடாகி மருந்தும் மாயமும் கேட்கும்போது உங்களுக்கு எண்பதுக்கு மேல்.

ஐந்து முதல் எட்டு வயதான நாய் என்றால் அதன் குணம் கண்ணுக்குத் தெரியும். குரைக்குமா, கடிக்குமா, தனியாக இருக்குமா என்பதை இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்தாலே ஊகித்துவிடலாம். காப்பகங்களில் கடைசிவரை யாரும் எடுக்காமல் கிடப்பவை இந்த வயது நாய்கள்தாம்.

ஒட்டுமா என்பதற்கு மணியைச் சொல்கிறேன். அதை வளர்த்த பெரியவர் இறந்துபோனார். வீட்டைக் காலி செய்தவர்கள் அதைக் காப்பகத்தில் விட்டபோது, அது சாப்பிடும் எவர்சில்வர் தட்டையும் கூடவே கொடுத்திருந்தார்கள். தட்டின் விளிம்பில் இனிஷியலோடு அந்தப் பெரியவரின் பெயர் வெட்டியிருந்தது. வந்த மூன்று நாளும் மணி என் கட்டிலுக்கு அடியில், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது. நான்காம் நாள் இரவு பாத்ரூமுக்கு எழுந்தவள், கால் வைக்கப்போன இடத்தில் ஏதோ வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று பார்த்தால், என் ரப்பர் செருப்பின் மேல் மோவாயை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பழையவரை அது மறந்ததாக நான் நினைக்கவில்லை. அவரையும் வைத்துக்கொண்டு எனக்கும் இடம் கொடுத்தது.

சின்ன நாய் என்றால் பொமரேனியன்தானே? எந்த இனம் நல்லது?

நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். உண்மையான பொமரேனியன் இரண்டு மூன்று கிலோதான் இருக்கும். ஸ்பிட்ஸ் நம் ஊருக்குப் பழகிய, புத்திசாலியான நாய். ஆனால் நிறையக் குரைக்கும். அடர்ந்த முடியைத் தினமும் சீவ வேண்டும். பக் இன நாய்க்குச் சப்பை மூக்கு என்பதால் வெயிலில் மூச்சு வாங்கும். ஏசி இல்லாத வீட்டில் அக்னி நட்சத்திர நாட்களை அது கடப்பது உண்மையிலேயே கஷ்டம். டாஷ்ஹண்டுக்கு நீண்ட முதுகு, தண்டுவடத் தட்டு விலகும் ஆபத்து உண்டு. மாடிப்படி ஏறி இறங்கும் வீட்டுக்கு அது ஏற்றதல்ல. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நம் மண்ணின் பெருமைக்குரியவை, ஆனால் ஓடி வேட்டையாடப் பிறந்த உயரமான நாய்கள். நம் கைக்கு அடங்காது.

இனத்தைவிட எடையைப் பாருங்கள். மளிகைக் கடையில் பத்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து தூக்கி, நான்கு எட்டு நடந்து, ஆட்டோ சீட்டில் வைத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் ஐந்து கிலோ பையைத் தூக்குங்கள். எந்தப் பையை மூச்சு வாங்காமல் தூக்கினீர்களோ, அந்த எடைக்குள் நாயை எடுங்கள். நாய்க்கு உடம்பு சரியில்லாத அன்று நீங்கள் செய்ய வேண்டிய வேலை அதுதான். காப்பகங்களில் சின்ன உடல்வாகு உள்ள நாட்டு நாய்களும் கலப்பு நாய்களும் இருக்கும். நம் வெயிலையும் மழையையும் தாங்குவதில் அவற்றுக்கு ஈடு இல்லை.

எங்கே போய் எடுப்பது? பணம் கேட்பார்களா?

சென்னையில் 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு கிண்டியில் இருக்கிறது. அதைத் தவிரப் பல ஊர்களில் சிறு காப்பகங்களும், தெருவில் விடப்பட்ட நாய்களை மீட்டு வீடு தேடித் தருபவர்களும் இருக்கிறார்கள். நாயை வளர்க்க முடியாமல் வேறு வீடு தேடுகிற குடும்பம் உங்கள் கால்நடை மருத்துவருக்குத் தெரிந்திருக்கும், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். தத்து என்றால் நாய்க்கு விலை கிடையாது. தடுப்பூசி, கருத்தடைச் செலவுக்காகச் சிலர் ஒரு தொகை கேட்பார்கள், அது நியாயம்தான். நேரில் பார்க்காத நாய்க்கு "வண்டிச் செலவு அனுப்புங்கள்" என்று போனில் கேட்டால் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

ஒரே தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாம் முறை போகும்போது இரண்டாவது ஆளையும் அழைத்துப் போங்கள். நாய்க்கு அவர் முகமும் வாசனையும் தெரிய வேண்டும். காதில் சீழ், சொட்டை, நொண்டல், இருமல் இருக்கிறதா, ஏற்கெனவே போட்ட ஊசிகளின் அட்டை இருக்கிறதா, கருத்தடை ஆகிவிட்டதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

கொண்டுவந்து இரண்டு நாள் ஆகிறது, சாப்பிடவே மாட்டேன் என்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பொறுங்கள். தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குடித்துக்கொண்டு, வாந்தி பேதி இல்லாமல், சோர்ந்து விழாமல் இருந்தால், முதல் ஓரிரு நாள் சாப்பிடாதது பயத்தினால்தான். தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கூட்டமாக உறவினரை அழைத்துக் காட்டாதீர்கள், கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். மூன்றாம் நாளும் தொடவில்லை என்றாலோ, தண்ணீரும் குடிக்கவில்லை என்றாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

முதல் மாதத்தில் கதவு விஷயத்தில் கவனமாக இருங்கள். புது நாய் தப்பி ஓடுவது பால்காரருக்கோ கூரியர்காரருக்கோ கதவைத் திறக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான். கழுத்துப் பட்டையில் உங்கள் எண்ணும் இரண்டாவது ஆளின் எண்ணும் பொறித்த தகடு முதல் நாளே இருக்கட்டும்.

தயிர் சாதம் போட்டால் போதாதா? எங்கள் வீட்டு நாய் அதிலேயே பதினைந்து வருஷம் இருந்ததே?

அந்த நாய் தெருவிலும் தோட்டத்திலும் சுற்றித் தனக்கு வேண்டியதைத் தேடித் தின்றிருக்கும். நாலு சுவருக்குள் இருக்கும் நாய்க்கு நீங்கள் வைப்பது மட்டும்தான். தயிர் சாதத்தில் மாவுச்சத்து இருக்கிறது, புரதம் போதாது. தினமும் அதையே போட்டால் நாய் குண்டாகும், ஆனால் தசை வற்றும், முடி மங்கும்.

நான் காலையில் கடையில் விற்கும் உலர் உணவை அளந்து வைக்கிறேன். மாலையில் உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழி, கொஞ்சம் சோறு, பூசணி அல்லது கேரட். வெயில் காலத்தில் ஒரு கரண்டி தயிர் மேலே. சமைத்த எலும்பு கூடவே கூடாது, அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். இரண்டு வேளைக்கு மேல் வைக்காதீர்கள். நாம் டிபன் சாப்பிடும்போதெல்லாம் ஒரு வாய் கொடுக்கிற பழக்கம்தான் சின்ன நாய்களைக் கெடுக்கிறது. ஐந்து கிலோ நாய் ஒரு கிலோ கூடினால், அறுபது கிலோ மனிதர் பன்னிரண்டு கிலோ கூடியதற்குச் சமம்.

நாங்கள் சுத்த சைவம். வீட்டில் முட்டைகூட நுழையாது. எங்களுக்கு நாய் வேண்டாமா?

வேண்டும் என்றால் வழி இருக்கிறது. நாய் பூனையைப் போல இறைச்சியை மட்டுமே நம்பிய பிராணி இல்லை. எல்லாச் சத்தும் சேர்த்துத் தயாரித்த சைவ நாயுணவு கடைகளில் கிடைக்கிறது. ஆனால் வீட்டுப் பருப்பு சாதத்தை வைத்து அந்தச் சமநிலையைக் கொண்டுவருவது கடினம். மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். என் தோழி ஒருத்தி அடைத்து விற்கும் சாதாரண நாயுணவை வாங்கி, சமையலறைக்கு வெளியே பால்கனியில் தனி டப்பாவில் வைத்திருக்கிறாள். சமைக்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம், அதற்கென்று ஒரு கரண்டி. அவள் நாய் நன்றாக இருக்கிறது.

பண்டிகை நாளில் ஒரு வாய் பாயசம் கொடுத்தால் என்ன ஆகிவிடும்?

பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் இருக்கும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாழாக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. சில நாய்களுக்குக் கொஞ்சமே போதும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆகவே சாம்பார் சாதம், ரசம் சாதம் இரண்டும் கிடையாது. சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டாலும் விஷம்.

ஆனால் நம் வயதுக்காரர் வீட்டில் இவற்றைவிடப் பெரிய ஆபத்து மாத்திரை. அட்டையைப் பிதுக்கும்போது ஒன்று கைதவறி உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விடும். நாம் இன்னொன்றைப் பிதுக்கிப் போட்டுக்கொள்வோம். ஐந்து கிலோ உடம்புக்கு நம் ரத்தக்கொதிப்பு மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ ஒன்றே அதிகம். வலி மாத்திரைகளான இப்யூபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சல் என்று நாமாகப் பாரசிட்டமால் கொடுப்பதும் ஆபத்து. நான் இப்போது சாப்பாட்டு மேஜையில், விளிம்பு உயர்ந்த தாம்பாளத்தின் மேல் வைத்துத்தான் மாத்திரையைப் பிதுக்குகிறேன். ஏதாவது விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

என்னென்ன ஊசி போட வேண்டும்? உரிமம் வாங்க வேண்டுமாமே?

ரேபிஸ் தடுப்பூசி ஆண்டுதோறும், ஒரு மாதம்கூடத் தள்ளாமல். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை, பழைய அட்டையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். அட்டை இல்லை என்றால் முதலிலிருந்து போடுவார். குடற்புழு மருந்தும் அவர் சொல்லும் இடைவெளியில். சென்னை மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் கட்டாயம். அதற்கு ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வேலை.

கருத்தடை ஆகாத பெண் நாய் என்றால் ஒரு எச்சரிக்கை. வயதான பிறகு அவற்றுக்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டக்கூடும். தீட்டு முடிந்த சில வாரங்களில் சோர்வு, அதிகத் தாகம், பின்பக்கம் நாற்றமுள்ள கசிவு தென்பட்டால், அன்றைக்கே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதனால் எடுத்தவுடன் கருத்தடை பற்றிப் பேசிவிடுங்கள்.

உண்ணி வந்தால் மண்ணெண்ணெய் தடவலாமா?

கூடாது. தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் போகும். உண்ணி நம் ஊரில் வெறும் அரிப்புச் சமாசாரம் இல்லை, நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சலைக் கொண்டுவரும். திடீரென்று சாப்பிடாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். மாதாமாதம் கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ வாயில் போடும் மாத்திரையோ இருக்கிறது. எது என்று மருத்துவர் சொல்லட்டும்.

இழுத்துத் தள்ளிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. விழுந்து இடுப்பு ஒடிந்தால் என்ன செய்வது?

இது நியாயமான பயம். அமெரிக்காவில் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களிடையே, நாயைக் கயிற்றில் பிடித்து நடக்கும்போது ஏற்பட்ட எலும்பு முறிவுகள் 2004இல் ஏறத்தாழ 1,700ஆக இருந்து 2017இல் 4,400ஆக உயர்ந்ததாக 2019இல் வெளியான ஒரு ஆய்வு சொன்னது. அடிபட்டவர்களில் முக்கால் பங்குக்கு மேல் பெண்கள். அதிகம் முறிந்தது இடுப்பெலும்பு. சின்ன நாய் இழுத்துத் தள்ளுவது குறைவு, ஆனால் காலுக்குள் வந்து தடுக்குவது அதிகம்.

நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். கயிற்றின் வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதோ, கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வதோ இல்லை. விரலுக்குள் பிடிப்பேன். திடீரென்று இழுத்தால் விட்டுவிடுவேன். நாயைத் திரும்பப் பிடிக்கலாம், இடுப்பை அப்படிப் பிடிக்க முடியாது. கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டாமல், மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸில் மாட்டுகிறேன். ஸ்பிட்ஸ், பொமரேனியன் வகைகளுக்கு மூச்சுக்குழாய் மென்மையானது, கழுத்தில் இழுபட்டால் இருமல் வரும். செருப்பு வேண்டாம், பின்பக்கம் பட்டை உள்ள ஷூ. தெருநாய்க் கூட்டம் இருக்கும் தெருவைத் தவிர்த்து, சுற்றிப் போனாலும் அமைதியான தெரு.

வீட்டுக்குள் விழுவதற்குத்தான் வாய்ப்பு இன்னும் அதிகம். மணியின் பட்டையில் ஒரு சின்னச் சலங்கை கட்டியிருக்கிறேன். இருட்டில் அது எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரியும். கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை இரவு விளக்கு எரியும். சமையலறையில் கொதிக்கும் பாத்திரத்தை இறக்கும்போது நாய் வெளியே, கதவு மூடியிருக்கும். இதில் நான் ஒருநாளும் தளர்வது இல்லை.

முட்டிவலி. சில நாள் படியே இறங்க முடியாது. அந்த நாட்களில்?

சின்ன நாய் என்பதன் பெரிய அனுகூலம் இங்கேதான். வளர்ந்த சின்ன நாய்க்கு ஒரு நாளைக்கு இருபது இருபது நிமிடமாக இரண்டு நடை போதும். முடியாத நாளில் கூடத்திலேயே, பழைய துண்டைச் சுருட்டி அதற்குள் உணவைப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஒளித்துவைத்து மோப்பம் பிடிக்க விடுங்கள். கால்மணி நேரம் மூக்கால் தேடினாலே களைத்துத் தூங்கிவிடும். பால்கனியில் ஒரு தட்டில் செய்தித்தாள் விரித்து, முதல் வாரத்திலிருந்தே அங்கேயும் போகப் பழக்கிவிட்டால் மழை நாளுக்கும் உதவும். அதற்கும் முடியாத நாளுக்குத்தான் இரண்டாவது ஆள்.

கோடையில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி தாங்கவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். சர்க்கரையும் உண்டு. நாய் பிராண்டினால் ஆபத்தா?

உங்கள் மருத்துவரிடம் நாய் எடுக்கப்போவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நகத்தை மாதம் ஒருமுறை வெட்டச் செய்யுங்கள். மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு தூக்குங்கள். உங்கள் காலில் புண் இருந்தால் அதை நாய் நக்கவே கூடாது. பாசத்தில் நக்குகிறது, ஆறிவிடும் என்று நினைக்காதீர்கள். அதன் வாயில் இருக்கும் கிருமி சர்க்கரை நோயாளியின் புண்ணில் கடுமையான தொற்றை உண்டாக்கும்.

பிராண்டினாலோ கடித்தாலோ, ஊசி போட்ட சொந்த நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நடையில் தெருநாய் கடித்தால் யோசனைக்கே இடமில்லை. அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் அப்பாதீர்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நாய் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். லிப்டில் ஏற்றக்கூடாதாம்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரும்பான்மை உறுப்பினர்கள் சேர்ந்து தீர்மானித்தாலும் வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது என்றும், லிப்டைப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது என்றும் தெளிவாக இருக்கிறது. அதன் பிரதி ஒன்றை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் கதை வேறு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், எடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள்.

ஆனால் காகிதத்தைக் காட்டிச் சண்டைக்குப் போவதை நான் கடைசியில்தான் செய்வேன். மலத்தை நீங்களே எடுத்துப் போடுவதை நாலு பேர் பார்த்தால் பாதி எதிர்ப்பு அடங்கும். லிப்டில் குழந்தையோ பயப்படுகிறவரோ இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருங்கள். எங்கள் குடியிருப்பில் மணியை மிகவும் எதிர்த்தவர் மூன்றாம் மாடி மாமா. இப்போது தினமும் காலையில் அதற்கு வணக்கம் சொல்கிறார்.

பூஜை செய்கிற வீட்டில் நாயை உள்ளே விடலாமா?

பூஜை அறைக்குக் கதவோ சின்னத் தடுப்போ போட்டால் முடிந்தது. நாய் இரண்டு நாளில் எல்லையைப் புரிந்துகொள்ளும். பைரவருக்கு வாகனமே நாய்தான். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, அது திருடரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். நாயை வீட்டு உயிராக மதிப்பது நமக்குப் புதிது இல்லை.

மகள் வெளிநாட்டில். ஆண்டுக்கு மூன்று மாதம் போக வேண்டியிருக்கிறது. எடுக்கலாமா?

அந்த மூன்று மாதம் அது பழகிய ஒருவர் வீட்டில் இருக்க முடியும் என்றால் எடுக்கலாம். கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் விடுதிகள் ஒரு வாரத்துக்குச் சரி. மூன்று மாதம் கூண்டில் விட்டால் அது கைவிடப்பட்டதாகவே நினைக்கும். நான் தடுத்த இரண்டு பேரில் ஒருவர் இப்படி ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே இருப்பவர். அவருக்கு ஆசை அதிகம், வருத்தத்தோடுதான் சொன்னேன்.

உள்ளூர்ப் பயணம் என்றால் ரயிலில் முதல் வகுப்பில் கூபே எனப்படும் இருவர் அறையையோ பெரிய அறையையோ முழுவதுமாக எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பார்சல் அலுவலகத்தில் பதிந்து ரயில் கார்டின் வேனில் இருக்கும் நாய்ப் பெட்டியில் ஏற்ற வேண்டும். வயதான நாயை அந்தப் பெட்டியில் அனுப்ப எனக்கு மனம் வராது.

மாதம் எவ்வளவு ஆகும்? ஓய்வூதியத்தில் தாங்குமா?

என் கணக்கு நோட்டுப்படி மணிக்கு உணவு, உண்ணி மருந்து, நகம், முடி எல்லாம் சேர்த்து மாதம் மூவாயிரம் ரூபாய் அளவில் ஆகிறது. ஆனால் கவலைப்பட வேண்டியது இந்தத் தொகையைப் பற்றி அல்ல. ஒரு பல் சிகிச்சை, ஒரு அறுவை என்று ஒரே நாளில் வரும் செலவுதான் ஆளைச் சாய்க்கும். சின்ன நாய்களுக்குப் பல் சீக்கிரம் கெடும். அதற்கென்று தனியாக இருபதாயிரம் சேமித்துவிட்டுத்தான் எடுங்கள் என்பேன். 1903இல் தொடங்கி, இப்போது வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் செலவு குறைவு, நிபுணர்களும் உண்டு. வரிசையில் அரை நாள் போகும், தண்ணீரும் மடக்கு நாற்காலியும் எடுத்துப் போங்கள்.

தீபாவளி வெடிக்கு நடுங்குகிறது. தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

உங்களுடையதைக் கொடுக்கவே கூடாது. பத்து நாள் முன்பே மருத்துவரிடம் கேட்டால் நாய்க்கென்று மருந்து தருவார். மாலை வெடி தொடங்குவதற்கு முன் நடையை முடித்து, ஜன்னலை அடைத்து, மின்விசிறியையும் டிவியையும் ஓடவிட்டு உள்ளறையில் கூடவே உட்காருங்கள். எண் பொறித்த தகடு கழுத்தில் இருக்கட்டும்.

நாய்க்கு வயதாகிவிட்டது, அதனால் இப்படி என்று எதை விட்டுவிடலாம்? எதை விடக்கூடாது?

மெல்ல நடப்பது, அதிகம் தூங்குவது, கண்ணில் நீலம் படர்வது வயதினால் இருக்கலாம். இரவில் இருமல் வந்தால் விடாதீர்கள். வயதான சின்ன நாய்களுக்கு இதய வால்வு பழுதடைவது சகஜம், மருந்தால் நன்றாகச் சமாளிக்கலாம். வழக்கத்தைவிடத் தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கமாக மென்றால் பல். மணிக்கு இப்போது பதின்மூன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கிறோம். அதே வாரத்தில் நானும் என் ரத்தத்தைக் கொடுத்துவிடுகிறேன், இரண்டும் மறக்காது.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இது என்ன ஆகும்? உயிலில் எழுத முடியுமா?

முதல் கேள்விக்கே திரும்பி வந்துவிட்டோம். நம் சட்டத்தில் நாயின் பெயரில் சொத்து எழுத முடியாது. நாயை யாரிடம் விடுகிறீர்கள், அதன் பராமரிப்புக்காக அவருக்கு எவ்வளவு பணம் என்று மனிதர் பெயரில் எழுதலாம். 2024இல் மறைந்த ரத்தன் டாடா, தம் நாய் டிட்டோவைப் பார்த்துக்கொள்ள உயிலில் ஏற்பாடு செய்திருந்ததாகச் செய்தி வந்தது. அவருக்கே அது எழுதிவைக்க வேண்டிய விஷயமாகத் தோன்றியிருக்கிறது.

ஆனால் உயிலைப் பிரிப்பதற்குள் நாய்க்கு எத்தனை வேளைப் பட்டினியோ. அதனால் என் கதவுக்கு உட்புறம், சாவி மாட்டும் ஆணியில் ஒரு உறை தொங்குகிறது. உள்ளே ஒரு தாள். மணியின் மருந்து, சாப்பாட்டு நேரம், மருத்துவர் எண், எதற்குப் பயப்படும், எங்கே தடவினால் பிடிக்கும், இரண்டாவது ஆளின் எண். கூடவே ஒரு மாதச் செலவுக்கான பணம். என் கைப்பையிலும் "வீட்டில் நாய் தனியாக இருக்கிறது" என்று எழுதிய அட்டை உண்டு. எனக்கு இரண்டாவது ஆள் எதிர் வீட்டுப் பெண். வாரம் ஒருநாள் மாலை அவள்தான் மணியை நடத்திப் போகிறாள். அந்த ஒரு நாளை நான் ஒருபோதும் ரத்து செய்வதில்லை, எனக்கு உடம்பு நன்றாக இருந்தாலும்.

அது எனக்கு முன்னால் போய்விட்டால்? அதைத் தாங்க முடியாது என்றுதான் எடுக்கவே தயங்குகிறேன்.

கஷ்டமாகத்தான் இருக்கும். அழுவீர்கள். "ஒரு நாய்க்குப் போயா" என்று கேட்பவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. வலி தீராது என்று மருத்துவர் சொல்லும் கட்டத்தில், ஊசி போட்டு அமைதியாக அனுப்பிவைக்கலாமா என்ற கேள்வி வரும். அதை அந்த நேரத்து அழுகையில் முடிவு செய்யாதீர்கள். நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் ஒருமுறை பேசிவையுங்கள். அந்த நாளில் கூடவே இருங்கள். அது கடைசியாகத் தேடுவது உங்கள் வாசனையைத்தான்.

மணிக்குப் பிறகு நீங்கள் இன்னொன்று எடுப்பீர்களா?

தத்தாக எடுக்க மாட்டேன். எனக்கு எழுபத்தொன்று. ஆனால் காப்பகத்தில் அறுவை சிகிச்சை முடிந்து தேறுகிற நாய்களுக்கும், வீடு கிடைக்கும்வரை கூண்டில் வாடுகிற கிழ நாய்களுக்கும் சில வாரம், சில மாதம் இடம் கொடுக்க ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். உணவும் மருந்தும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். அதற்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நீண்ட பொறுப்புக்குத் தயங்குகிறவர்கள், இரண்டாவது ஆள் இன்னும் கிடைக்காதவர்கள் இப்படித் தொடங்கலாம்.

தட்டைப் பற்றி ஒருவர் கேட்டார், வேறு பெயர் உள்ள தட்டில் ஏன் இன்னும் சோறு வைக்கிறீர்கள் என்று. அந்தப் பெரியவர் பெயருக்குக் கீழே போன வருஷம் என் பெயரையும் வெட்டிக்கொண்டு வந்தேன். பாத்திரக் கடைக்காரர் பின்பக்கம் வெட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம், விளிம்பில் இன்னும் இடம் இருக்கிறது என்றேன்.